விமான நிலையம் திறக்கும்வரை

எண்பத்தெட்டாம் ஆண்டு வசந்த காலத்தில் எனக்கு லண்டனில் முதல் வேலை கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் நான் புவியியல் ஆசிரியை. இங்கே வந்து மூன்று வருடங்களாக மகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில்தான் இருந்தேன். நகரின் நடுவில் இருந்த ஒரு கல்லூரியில், வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க ஆள் தேவை என்று நூலகத்து அறிவிப்புப் பலகையில் பார்த்து எழுதிப் போட்டேன். லண்டனில் குடியேறிய இரண்டு சமூகங்களை ஒப்பிடும் சிறிய ஆய்வு அது. ஒன்று ஆர்மீனியர்கள், மற்றது லெபனான்காரர்கள். என்ன தொழில், எவ்வளவு வருமானம், பிள்ளைகள் எதுவரை படித்தார்கள், வீடு சொந்தமா வாடகையா, யார் எப்படி முன்னேறினார்கள் என்று பார்ப்பதுதான் நோக்கம்.

ஆய்வை நடத்தியவர் ஐம்பது வயதுள்ள ஓர் ஆங்கிலப் பெண்மணி. நேர்முகத்தில் நான் உண்மையைச் சொன்னேன்.

"எனக்கு ஆர்மீனிய மொழியும் தெரியாது, அரபும் தெரியாது."

"அதனால்தான் உங்களை எடுக்கிறேன். சொந்த ஆளிடம் யாரும் சம்பளத்தைச் சொல்லமாட்டார்கள்" என்றார்.

எங்கள் ஆட்களை நினைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

இரண்டு நிறத்தில் படிவங்கள் தந்தார். ஆர்மீனியர்களுக்குப் பச்சை, லெபனான்காரர்களுக்கு மஞ்சள். கேள்விகளில் ஒரு சொல்லைக்கூட மாற்றக்கூடாது. பதிலுக்கு நானாக விளக்கம் எழுதக்கூடாது. ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் சொல்லவே கூடாது. ஆறு மாதம் கழித்து அதே வீடுகளுக்கு இரண்டாம் முறையும் போகவேண்டும்.

அப்போது நாங்கள் கிங்ஸ்பரியில் ஒரு குஜராத்திக்காரரின் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். ஊரில் என் கணவர் அரசாங்க சர்வேயர். இங்கே பெற்றோல் ஸ்டேசன் ஒன்றில் ஷிப்ட் வேலை. வீட்டில் நிலம் வெறும் பலகை. இடுக்குகள் வழியாகக் காற்று வரும். நான்கு வயது மகள் வீட்டுக்குள்ளும் இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டுதான் திரிவாள். கார்ப்பெட் போடுவோம் என்று கேட்கும்போதெல்லாம் அவரிடமிருந்து ஒரே பதில்தான் வரும்.

"அடுத்த வருசம் போகப்போறம். பிறகென்னத்துக்குக் கார்ப்பெட்? சுருட்டித் தோளில வைச்சுக்கொண்டு பிளேன் ஏறவே?"

"போன வருசமும் இதைத்தானே சொன்னனீங்கள்?"

"போன வருசம் போகேலாமல் போச்சு. அதுக்கு நான் என்ன செய்யிறது?"

இதற்கு மேல் நான் கதைப்பதில்லை. அவர் நம்பிக்கையோடு இருக்கும்போது அதைக் கலைக்க எனக்கு மனம் வருவதில்லை. எனக்குள்ளும் அதே எண்ணம் கொஞ்சம் இருந்தது.

முதல் வாரத்தில் ஆக்டனில் ஒரு வீட்டுக்குப் போனேன். முன்னறை ஜன்னலில் துணி திருத்தித் தரப்படும் என்று அட்டை தொங்கியது. கதவைத் திறந்த பெண்ணுக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருந்தார். உள்ளே வா என்று தலையால் காட்டிவிட்டுத் தையல் இயந்திரத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். கேள்விக்குப் பதில் சொல்லும்போதும் அவர் கால் ஓயவில்லை. நாங்கள் இருவரும் அரைகுறை ஆங்கிலத்தில்தான் பேசினோம்.

"தொழில்?"

"பார்க்கிறாயே."

"வருமானம்?"

"போதும்."

"அப்படி எழுத முடியாது. இதில் எந்தக் கட்டம் என்று காட்டுங்கள்."

எட்டிப் பார்த்து, மிகக் குறைந்த தொகை இருந்த கட்டத்தில் விரலை வைத்தார்.

"வீடு சொந்தமா?"

"இதில் இருக்கிறேன்."

"சொந்தமா, வாடகையா?"

நீண்ட நேரம் யோசித்துவிட்டு, "இது சொந்தம். சின்ன வீடு. கூரை சரியில்லை என்றும் எழுது" என்றார்.

பிறந்த இடம் கேட்டபோதுதான் சிக்கல் வந்தது. பெய்ரூட் என்றார். அப்பாவும் அம்மாவும் குழந்தைகளாக இருக்கும்போதே அனாதைகளாகத் துருக்கியிலிருந்து நடந்து வந்தவர்கள். அவர் பிறந்தது பெய்ரூட் ஆற்றோரத்தில் ஒரு தகரக் குடிசையில். ஐம்பது வயதுவரை வாழ்ந்தது அந்த ஊரில். கடவுச்சீட்டும் லெபனானுடையது. சண்டை தொடங்கியதும் லண்டனுக்கு வந்தவர். நான் கையில் பச்சையையும் மஞ்சளையும் வைத்துக்கொண்டு திகைத்துப் போனேன்.

"வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?" என்று அடுத்த கேள்விக்குத் தாவினேன்.

"மகனோடு ஆர்மீனியம். வாடிக்கையாளர்களோடு அங்கே அரபு, இங்கே இது. கோபம் வந்தால் துருக்கி. என் அம்மா துருக்கியில்தான் திட்டுவாள்."

"அப்படியானால் உங்களை எந்த நிறத்தில் எழுத?"

அவர் அப்போதுதான் காலை நிறுத்தினார். ஊசிகளை வாயிலிருந்து எடுத்தார். "இரண்டையும் வைத்துவிட்டுப் போ. சேர்த்துத் தைத்துத் தருகிறேன்" என்றார். சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

கடைசியில் பச்சையில் எழுதிக்கொண்டு வந்தேன்.

எஜ்வேர் ரோட்டுக்குப் பின்னால் இருந்த ஓர் அடுக்குமாடி வீடு வேறு மாதிரி. அந்த லெபனான்காரர் என்னை எதிர்பார்த்து, கழுத்துப் பட்டி கட்டி, கோட் போட்டுக்கொண்டு காத்திருந்தார். கோடைகாலம் அது. அவர் மனைவி ஏலக்காய் போட்ட கோப்பியும் ஒரு தட்டு நிறைய இனிப்பும் கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டு முடியும்வரை படிவத்தை எடுக்க விடவில்லை.

"தொழில்?"

"இறக்குமதி நிறுவன உரிமையாளர். மரம், ஓடு, குளியலறைச் சாமான்கள். இத்தாலியிலிருந்து, ஸ்பெயினிலிருந்து."

"வருமானம்?"

படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, உயர்ந்த கட்டத்தில் தானே அடையாளம் போட்டார். மலையில் ஒரு வீடு இருக்கிறது, அங்கே அத்தி மரங்கள் இருக்கின்றன, பிள்ளைகள் இங்கே தற்காலிகமாகப் படிக்கிறார்கள் என்றார். இந்த வீடு வாடகை. அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு தயக்கமும் இல்லை. வாங்கி என்ன செய்வது, சண்டையில் மூடிக்கிடக்கும் பெய்ரூட் விமான நிலையம் திறந்ததும் போய்விடுவோமே என்றார்.

இரண்டு வீட்டுப் படிவங்களையும் கல்லூரியில் கொடுத்தபோது ஆய்வை நடத்தியவர் மகிழ்ந்துபோனார். ஒரு பக்கம் சிக்கனமாக, சொந்த வீட்டில், குறைந்த வருமானத்தில் வாழும் சமூகம். மறுபக்கம் வாடகை வீட்டில், நல்ல வருமானத்தோடு வாழும் வணிகச் சமூகம். "படம் தெளிவாக வருகிறது" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சில வாரங்கள் கழித்து, பாதி வேலை முடிந்த மகிழ்ச்சியில் அவர் என்னை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார். ஆய்வுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று பேஸ்வாட்டர் பக்கம் ஒரு லெபனான் ரொட்டிக் கடையைத் தேர்ந்தெடுத்திருந்தார். முன்னால் நாலு மேசை, பின்னால் அடுப்பு. எள்ளும் மூலிகைத் தூளும் தூவிச் சுட்ட தட்டை ரொட்டிக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். திரை விலகியது. கையில் தட்டோடு, முழங்கைவரை மாவோடு வந்தவர் அந்த இறக்குமதி நிறுவன உரிமையாளர்.

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தட்டுகளை மேசையில் வைத்தார். "நல்வரவு, அம்மையாரே" என்று எங்கள் இருவரையும் பொதுவாகப் பார்த்துச் சொன்னார். "நன்றி" என்றேன். இதற்கு முன் கண்டிராத இரண்டு பேர் எப்படிப் பேசுவார்களோ அப்படி.

"இவர்கள் எவ்வளவு கடினமாக உழைக்கிறார்கள்" என்று ஆய்வை நடத்தியவர் என்னிடம் சொன்னார். நான் ரொட்டியைத் தட்டிலேயே பிய்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று பஸ்ஸில் வரும்போது அந்த லெபனான்காரர் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. என் படிவத்தில் பொய் சொல்லிவிட்டாரே என்ற கோபம். வீட்டுக்கு வந்து, மாமியாருக்கு எழுதிக்கொண்டிருந்த கடிதத்தைத் தொடர உட்கார்ந்தேன். போன பக்கத்தில் நானே எழுதியிருந்ததை வாசித்துப் பார்த்தேன். உங்கள் மகன் பெற்றோலியக் கம்பனி ஒன்றில் பொறுப்பான உத்தியோகம் பார்க்கிறார். மூன்று வருடமாக நான் இதே வரியை எழுதிவருகிறேன். ஊரில் அதை அயலுக்கெல்லாம் வாசித்துக் காட்டியிருப்பார்கள். பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

கல்லூரியில் நான் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை.

"சிலர் தொழில் என்று கேட்டால் முன்பு செய்ததைச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். சிலர் இருப்பதையும் இல்லை என்கிறார்கள்" என்றேன்.

"யார்?"

"யார் என்று சொல்லமாட்டேன். நீங்கள்தானே சொன்னீர்கள், ஒரு வீட்டில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்று."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். "அப்படியானால் கேள்விதான் பிழை" என்றார். இரண்டாம் சுற்றுக்கான படிவத்தில் தொழில் என்ற இடத்தை இரண்டாகப் பிரித்தார். அங்கே என்ன செய்தீர்கள், இங்கே என்ன செய்கிறீர்கள். அவரை நான் மதிக்கத் தொடங்கியது அன்றுதான்.

அந்த டிசம்பரில் ஆர்மீனியாவில் பெரிய பூகம்பம் வந்தது. ஊர்கள் மண்ணோடு மண்ணாகக் கிடப்பதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். ஒரு சனிக்கிழமை, இரண்டாம் சுற்றுக்கு நாள் குறிக்கலாம் என்று மேற்கு லண்டனில் ஆர்மீனியப் பிள்ளைகள் மொழி படிக்கும் மண்டபத்துக்குப் போனேன். வகுப்பு நடக்கவில்லை. மண்டபம் முழுவதும் கம்பளிகள், கோட்டுகள், சப்பாத்துகள். நூறு பேராவது இருந்திருப்பார்கள். படிவம் இருந்த பையை ஒரு மூலையில் வைத்துவிட்டு நானும் கம்பளி மடிக்க உட்கார்ந்தேன்.

மடித்துக்கொண்டே நான் கவனித்தேன். அந்த மக்களில் முக்கால்வாசிப் பேர் ஆர்மீனியாவைக் கண்ணால் கண்டதே இல்லை. சைப்ரசிலிருந்து, ஈரானிலிருந்து, பெய்ரூட்டிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய பெற்றோரின் ஊர்களோ துருக்கிக்குள் இருந்தன, அங்கே இப்போது அவர்களுடைய ஆட்கள் யாருமே இல்லை. திரும்பிப் போக ஓர் ஊர் இல்லாததால்தான் வந்த இடத்தில் முதலில் மண்டபம் கட்டுகிறார்களோ, பள்ளிக்கூடம் வைக்கிறார்களோ என்று தோன்றியது. எஜ்வேர் ரோட்டில் நான் பார்த்த லெபனான் வீடுகளுக்கு இப்படி ஒரு பொது மண்டபம் கிடையாது. இவர் அந்த மலை, அவர் இந்தக் கரை, இன்னார் இன்ன மதம் என்று பிரிந்திருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு ஊர் இருந்தது. எரிந்துகொண்டிருந்தாலும் இருந்தது. நாங்கள்? எங்களுக்கும் ஊர் இருந்தது. மண்டபம் பற்றி அப்போதுதான் கதைக்கத் தொடங்கியிருந்தோம்.

ஆக்டன் தையற்காரிதான் அன்று எல்லோரையும் ஆட்டிப்படைத்துக்கொண்டிருந்தார். "அதை அப்படி மடிக்காதே, இடம் பிடிக்கும்" என்று எனக்கும் அதட்டல் விழுந்தது. மதியத்துக்குள் மண்டபம் நிரம்பிவிட்டது. முதல் லொறி வர இன்னும் நான்கு நாள். சாமான்களை எங்கே வைப்பது என்று எல்லோரும் கையைப் பிசைந்தார்கள்.

"என் மற்ற வீட்டில் வைக்கலாம். காலியாகத்தான் இருக்கிறது" என்றார் அவர்.

பல் வைத்தியரான அவருடைய மகன் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். அப்படியே நின்றுவிட்டார். "எந்த மற்ற வீடு, அம்மா?"

"அடுத்த வீடுதான்."

"அது யாருடையது?"

"என்னுடையது. ஆறு வருடமாக."

மகன் ஆர்மீனிய மொழியில் ஏதோ கேட்டார். அவர் துருக்கியில் பதில் சொன்னார் போலும், சுற்றியிருந்த கிழவிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு அவர் கண் என்மேல் விழுந்தது. "அந்தக் கட்டத்தை மாற்றாதே" என்றார்.

அன்று பின்னேரம் அந்த வீட்டின் படிக்கட்டில் கம்பளிகளை அடுக்கும்போது அவரிடமே கேட்டேன், ஏன் மகனுக்குக்கூடச் சொல்லவில்லை என்று.

"இருப்பதை வெளியே சொன்னவர்கள் வீட்டுக்குத்தான் முதலில் வருவார்கள் என்று என் அப்பா சொல்லுவார். யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. லண்டனில் யாரும் வரமாட்டார்கள் என்றும் தெரியும். ஆனாலும் வாய் வரவில்லை" என்றார். பிறகு, "உனக்கு வீடு இருக்கிறதா?" என்று கேட்டார்.

"வாடகை. நாங்கள் திரும்பிப் போய்விடுவோம்."

அவர் ஒரு படியில் உட்கார்ந்துகொண்டார். "பெய்ரூட் குடிசையில் எங்கள் தகரக் கூரை ஒழுகும். அப்பா ஆணி வாங்கிக்கொண்டு வருவார். அம்மா ஏற விடமாட்டாள். கூரையைத் திருத்தினால் இங்கேயே இருந்துவிடுவோம், ஊருக்குப் போகமாட்டோம் என்று அவளுக்குப் பயம். பதினொரு வருடம் நாங்கள் நனைந்தோம். என் தம்பிக்கு அதில்தான் நெஞ்சு நோய் வந்தது." கம்பளி ஒன்றை மடியில் போட்டுத் தடவினார். "நான் அவளைப்போல இருக்கக்கூடாது என்று மறுபக்கம் ஓடிவிட்டேன். பெய்ரூட்டை விட்டது விட்டதுதான், திரும்பிப் பார்க்கக்கூடாது என்று முடிவு செய்தேன். என் அக்கா அங்கே சாகக் கிடந்தாள். நடுவில் ஒரு மாதம் சண்டை ஓய்ந்திருந்தது, போயிருக்கலாம். போகவில்லை."

எழுந்து வேலையைத் தொடர்ந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை லெபனான்காரர் வீட்டுக்கு இரண்டாம் சுற்றுக்குப் போகவேண்டியிருந்தது. கால் பின்வாங்கியது. கதவைத் திறந்தவர் இம்முறை கோட் போட்டிருக்கவில்லை, ஒரு பழைய ஸ்வெட்டர்தான். கோப்பி மட்டும் அதே மாதிரி வந்தது. நான் படிவத்தை விரித்து, புதிய கேள்வியை வாசித்தேன். அங்கே என்ன செய்தீர்கள், இங்கே என்ன செய்கிறீர்கள்.

அவர் அதைத் தானும் ஒருமுறை வாசித்தார். "இது எனக்காகச் சேர்த்ததா?"

"இல்லை. எல்லோருக்கும்."

"நான் உங்களிடம் பொய் சொல்லவில்லை, அம்மையாரே. என் தொழில் என்ன என்று கேட்டீர்கள். இருபத்தாறு வருடம் செய்த தொழிலைச் சொன்னேன். இங்கே ரொட்டி சுடுவது தொழில் இல்லை. விமான நிலையம் திறக்கும்வரை செய்யும் வேலை."

"அந்த மரம், ஓடு, சாமான்கள் எல்லாம்?"

"சாம்பல்" என்றார். அவர் மனைவி எழுந்து உள்ளே போனார். "வருமானக் கட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வியாபாரி ஒருவன் தன்னிடம் ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டால் நாளைக்கு அவனுக்கு யார் சரக்குக் கொடுப்பார்கள்? திரும்பிப் போனதும் எனக்கு என் பெயர் வேண்டும்."

நான் படிவத்தை மூடிவைத்துவிட்டு, என் கணவரைப் பற்றியும் பெற்றோலியக் கம்பனியைப் பற்றியும் சொன்னேன். விதிப்படி சொல்லக்கூடாது. அவர் முதலில் விழித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டு அரபில் சொன்னார். அவரும் வந்து சிரித்தார்.

"வருமானம் இப்போது எந்தக் கட்டம்?" என்று கேட்டேன்.

"உண்மை எங்கே இருக்கிறதோ அங்கே வையுங்கள்" என்று கீழே காட்டினார்.

புறப்படும்போது, சனிக்கிழமை கம்பளி மடித்ததில் என் கை இன்னும் நோகிறது என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். எந்த மண்டபம் என்று கேட்டார். அதையும் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை காலை, ரொட்டிக் கடையின் வான் வண்டியிலிருந்து தட்டுத் தட்டாகச் சூடான ரொட்டியை இறக்கிக்கொண்டு அவர் வந்துவிட்டார். வேலை செய்பவர்களுக்காம். என் இரண்டு படிவங்களும் நேருக்கு நேர் நின்றன.

தையற்காரி ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டு அவரிடம் அரபில் ஏதோ சொன்னார். அவர் நெஞ்சில் கைவைத்துக் கோபமாகப் பதில் சொன்னார். சண்டைதான் என்று பயந்து மகனிடம் கேட்டேன். "மாவில் உப்பு அதிகம் என்கிறார் அம்மா. பெய்ரூட்டில் எந்தத் தெருவில் ரொட்டி சுடப் பழகினாய் என்று கேட்கிறார்" என்றார். தெருவிலிருந்து தெருவாகப் பேச்சுப் போனது. லெபனான்காரரின் சரக்குக் கிட்டங்கியும் தையற்காரியின் கடையும் ஒரே ஆற்றின் இரண்டு கரைகளில் இருந்திருக்கின்றன. பதினைந்து நிமிடம் நடை. சண்டை வந்த பிறகு ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போக முடியாது. பாலத்தருகில் இருந்த ஒரு மருந்துக் கடையைப் பற்றித் தையற்காரி கேட்டார். லெபனான்காரர் தலையை ஆட்டினார், இப்போது இல்லை என்று. தையற்காரி கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே போய்ச் சிறிது நேரம் நின்றார். அம்மாவின் அக்கா வேலை செய்த கடை அது என்று பிறகு மகன் சொன்னார்.

ஆய்வறிக்கை எண்பத்தொன்பதின் இறுதியில் வந்தது. மெல்லிய புத்தகம். லெபனானில் பிறந்த ஆர்மீனியர்கள் பற்றிய பச்சைப் படிவங்களை என்ன செய்வது என்று பல நாள் வாதாடினோம். ஒப்பீடு சுத்தமாக இருக்கவேண்டும் என்றால் அவர்களை விலக்கவேண்டும் என்றார் ஆய்வை நடத்தியவர். விலக்கினால் இரண்டு சமூகத்தையும் அறிந்த ஒரே ஆட்களை வெளியே போடுகிறோம் என்றேன் நான். இறுதியில் அவர்களுக்குத் தனியாக ஓர் அத்தியாயம் கிடைத்தது. புத்தகத்திலேயே நன்றாக இருந்த பகுதி அதுதான் என்று பலரும் சொன்னார்களாம். அட்டவணைகளை மட்டும் என்னால் ஒருபோதும் முழுசாக நம்ப முடியவில்லை. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் கட்டத்தின்மேல் விரல் வைத்து யோசித்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கும்.

என் வீட்டில் இதெல்லாம் வேறு விதமாக ஓடிக்கொண்டிருந்தது. தகரக் கூரைக் கதையை நான் கணவருக்குச் சொன்னேன்.

"அது அவையின்ர கதை. அவைக்குப் போக இடமில்லை. எங்களுக்கு இருக்கு" என்றார்.

"இருக்கு. நான் இல்லையெண்டு சொல்லேல்லை. பிள்ளையின்ர கால் குளிருது, அதைத்தான் சொல்லுறன்."

"நீர் ரண்டு சனத்தையும் படிச்சுப்போட்டு வந்து என்னைச் சோதினை வைக்கிறீர்."

தொண்ணூறின் தொடக்கத்தில் ஊரில் கொஞ்சம் அமைதி வரும்போல் இருந்தது. அவர் உற்சாகமாகிவிட்டார். கோடையில் போகிறோம் என்று வீட்டுக்காரரிடமே சொல்லிவிட்டார். ஜூனில் மறுபடி சண்டை தொடங்கியது. பாதைகள் மூடப்பட்டன. மாமியாரின் கடிதங்கள் நின்றன. அவர் வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார், கதைக்கவில்லை. அந்த நாட்களில் நான் கார்ப்பெட் என்ற சொல்லையே எடுக்கவில்லை.

அதே வருடம் பெய்ரூட்டில் சண்டை ஓய்ந்தது. அடுத்த வசந்தத்தில் லெபனான்காரர் தொலைபேசியில் அழைத்தார். போகிறோம் என்றார். ரொட்டிக் கடையில் எல்லோருக்கும் விருந்து வைக்கிறேன், உங்கள் பெற்றோலியக் கம்பனி அதிகாரியையும் அழைத்து வாருங்கள் என்றார். நாங்கள் மகளோடு போனோம். தையற்காரியும் வந்திருந்தார். லெபனான்காரர் முதல் நாள் கண்ட அதே கோட்டும் கழுத்துப் பட்டியுமாக இருந்தார். என் கணவர் அவர் கையைப் பிடித்து நீண்ட நேரம் குலுக்கினார். விடவில்லை.

திரும்பி வரும்போது, "பாத்தீரே, அந்த மனுசன் போறான். நான் சொன்னது பிழையில்லைத்தானே?" என்றார்.

"பிழையில்லை. ஆனா பதினாறு வருசம் பொறுத்தவராம். நாங்களும் அப்பிடிப் பொறுத்தா எங்கட பிள்ளைக்குப் பதினேழு வயசாகியிருக்கும்."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கிங்ஸ்பரியில் இறங்கும்போது, "வீடு ஒண்டு பாப்பம். பாக்கிறதுதானே, வாங்கோணுமெண்டில்லை" என்றார்.

பார்த்தோம். ஒன்றரை வருடம் பார்த்தோம். இதற்கிடையில் எனக்குக் கவுன்சிலில் நிரந்தர வேலை கிடைத்திருந்தது. அவரும் வரைபடம் கீறும் ஓர் அலுவலகத்தில், தன் படிப்புக்குக் கொஞ்சம் கிட்டவான வேலை ஒன்றுக்கு மாறியிருந்தார். பிடித்த வீடு ஒன்று அதே கிங்ஸ்பரியில், நாலு தெரு தள்ளி வந்தது. ஆக்டன் தையற்காரியைக் கூட்டிக்கொண்டு போனேன். சுவரைத் தட்டினார், குழாயைத் திறந்து மூடினார், பின்பக்கக் கூரையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "விலையைக் குறைக்கச் சொல்" என்று முகவருக்குக் கேட்கும்படி சொன்னார். என் கணவர் ஊரில் காணி அளந்த மனிதர். அவர் வளவின் எல்லையைக் காலால் அளந்துவிட்டு வந்து, "பத்திரத்தில இருக்கிறதிலும் பாக்க ஒரு அடி குறையுது" என்றார். இருவரும் ஒருவர் பேசும் மொழி மற்றவருக்கு விளங்காமலே தலையாட்டிக்கொண்டார்கள். விலை குறைந்தது.

லெபனான்காரர் இரண்டு வருடத்துக்குப் பிறகு லண்டனுக்குத் திரும்பி வந்துவிட்டார். பிள்ளைகளுக்கு அங்கே ஒட்டவில்லை. மலை வீட்டை மட்டும் திருத்தி வைத்துவிட்டு வந்து, ஈலிங்கில் சொந்தமாக ரொட்டிக் கடை திறந்தார். தோற்றுப்போய் வந்தவர்போல் அவர் இருக்கவில்லை. "போய்ப் பார்த்துவிட்டேன், இனிமேல் இங்கே நிம்மதியாக இருக்கலாம்" என்றார். தையற்காரி அதைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் யோசித்தார். பிறகு மகனிடம் பெய்ரூட்டுக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னார். பத்து நாள் இருந்தார். அக்காவின் கல்லறையில் எழுத்துக்கள் அழிந்திருந்ததாகவும், ஆள் பிடித்துத் திரும்பச் செதுக்க வைத்ததாகவும் வந்து சொன்னார்.

நாங்கள் புதுவீட்டுக்குக் குடிபோன முதல் ஞாயிற்றுக்கிழமை, என் கணவர் ஒரு பெட்டி பலகாரத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். பழைய இடத்தில் ஏழு வருடம் இருந்தும் அவர் ஒரு அயலவரோடும் பேசியதில்லை. அரை மணி நேரமாகியும் ஆளைக் காணவில்லை. ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். வேலியோரத்தில் ஓர் ஐரிஷ் கிழவரும் அவரும் நின்றார்கள். என் கணவர் கையை நீட்டி, வேலி எங்கே கோணலாகப் போகிறது என்று காட்டிக்கொண்டிருந்தார். கிழவர் ஒரு முறுக்கைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.